போகும் பாக்கெட் போகிறது, பதில் வருவதில்லை: ரவுட்டிங் டேபிளில் பிழை எங்கே?

புதுவலை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மூன்று நாட்களாக ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறேன். கணினிக்குள் மெய்நிகர் கணினிகளை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸில் நான்கு உபுண்டு இயந்திரங்களை நிறுவி, இரண்டைச் சாதாரணக் கணினிகளாகவும் இரண்டை ரவுட்டர்களாகவும் வைத்து, வரிசையாக இணைத்திருக்கிறேன். இடது கோடியில் இருக்கும் கணினியின் முகவரி 192.168.10.5. அதற்கு கேட்வே (வெளியே செல்லும் வாயில்), முதல் ரவுட்டரின் 192.168.10.1 என்ற முகவரி. இரண்டு ரவுட்டர்களுக்கும் நடுவிலுள்ள இணைப்பில் முதல் ரவுட்டருக்கு 10.0.12.1, இரண்டாவதற்கு 10.0.12.2. வலது கோடிக் கணினி 192.168.20.5, அதன் கேட்வே, இரண்டாம் ரவுட்டரின் 192.168.20.1.

இரண்டு ரவுட்டர்களிலும் பாக்கெட்டுகளை, அதாவது தரவுத் துண்டுகளை, கடத்தும் அனுமதியை 1 என்று மாற்றிவிட்டேன். முதல் ரவுட்டரில், 192.168.20.0/24 வலையமைப்புக்கு 10.0.12.2 வழியாகச் செல்ல வேண்டும் என்ற வரியையும் சேர்த்துவிட்டேன். முதல் ரவுட்டரில் உட்கார்ந்து 192.168.20.5 முகவரிக்கு பிங் (பதில் கோரும் சோதனைப் பாக்கெட்) அனுப்பினால் பதில் வருகிறது. அதே பிங்கை இடது கோடிக் கணினியிலிருந்து அனுப்பினால் ஒன்றுகூடத் திரும்புவதில்லை. அந்த வழியின் மெட்ரிக் (முன்னுரிமை) மதிப்பை 100 என்பதிலிருந்து 10 ஆகக் குறைத்தும் பார்த்தேன்; மாற்றமில்லை. எனக்குக் குழப்பமாக இருப்பது இதுதான்: முதல் ரவுட்டருக்கு வழி தெரிகிறது என்பது உறுதியாகிவிட்ட பிறகு, அதன் வழியாகவே செல்லும் இன்னொரு கணினிக்கு மட்டும் ஏன் வழி கிடைக்கவில்லை?

இரவுப்பணி எழுதியது:

வழி சரியாக இருக்கிறது என்பதை நீங்களே சோதித்துவிட்டீர்கள். எஞ்சியிருப்பது ஃபயர்வால் மட்டுமே. வலது கோடிக் கணினியோ இரண்டாம் ரவுட்டரோ 192.168.10.0 வலையமைப்பிலிருந்து வருவதைத் தடுத்துக்கொண்டிருக்கலாம். இரண்டிலும் எல்லா விதிகளையும் நீக்கிவிட்டுப் பாருங்கள். எங்கள் பணியிடத்தில் இப்படி வரும் புகார்களில் பத்துக்கு எட்டு ஃபயர்வாலில்தான் போய் முடியும்.

மூன்றாம்அடுக்கு எழுதியது:

ஃபயர்வாலைக் குறை சொல்வதற்கு முன் ஒன்றைப் பார்த்துவிடலாம். முதல் ரவுட்டரிலிருந்து போன பிங்கும் கணினியிலிருந்து போன பிங்கும் ஒரே இடத்துக்குத்தான் சென்றன. ஆனால் அவை ஒரே முகவரியிலிருந்து கிளம்பியவை அல்ல. ரவுட்டர் தானே அனுப்பும் பாக்கெட்டில், அது வெளியேறும் இடைமுகத்தின் (வலையமைப்பு இணைப்புமுனையின்) முகவரியான 10.0.12.1 என்பதுதான் அனுப்புநராக எழுதப்பட்டிருக்கும். கணினி அனுப்பியதிலோ 192.168.10.5 என்று இருக்கும். பதில் எழுதுகிறவருக்கு இந்த வேறுபாடுதான் எல்லாமும்.

வலது கோடிக் கணினியில், வந்துபோகும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப்பை ஓடவிட்டு, பிங் அங்கு வந்து சேர்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். இரண்டாம் ரவுட்டரின் ரவுட்டிங் டேபிளை (எந்த வலையமைப்புக்கு எந்த வழி என்ற பட்டியலை) முழுமையாக இங்கே இடுங்கள். முதல் ரவுட்டரின் டேபிள் இப்போதைக்கு வேண்டாம்.

புதுவலை எழுதியது:

ஐயா, பார்த்தேன். எதிர்பார்க்கவே இல்லை; பிங் வலது கோடிக்கு வந்து சேர்கிறது! ஒவ்வொன்றுக்கும் அந்தக் கணினி பதிலும் அனுப்புகிறது. வந்து சேரும் பாக்கெட்டின் டிடிஎல் (ஒவ்வொரு ரவுட்டரிலும் ஒன்று குறையும் எண்) மதிப்பு 62 என்று காட்டுகிறது. ஆனால் அந்தப் பதில் இடது கோடிக்கு வருவதில்லை. இரண்டாம் ரவுட்டரின் டேபிள் இதோ:

டீஃபால்ட்: 10.0.2.2 வழியாக, இடைமுகம் 1
10.0.2.0/24: நேரடி இணைப்பு, இடைமுகம் 1
10.0.12.0/24: நேரடி இணைப்பு, இடைமுகம் 2
192.168.20.0/24: நேரடி இணைப்பு, இடைமுகம் 3

மென்பொருள்களை இணையத்திலிருந்து இறக்குவதற்காக முதல் இடைமுகத்தை விர்ச்சுவல்பாக்ஸின் நாட் (முகவரியை மாற்றி வெளியே அனுப்பும்) முறையிலேயே விட்டுவைத்திருந்தேன். அது இந்தப் பயிற்சிக்குத் தொடர்பில்லாதது என்பதால் முதல் பதிவில் குறிப்பிடவில்லை.

மூன்றாம்அடுக்கு எழுதியது:

தொடர்பில்லாதது என்று நீங்கள் விட்டுவைத்த அந்த வரிதான் பதில்களை விழுங்கிக்கொண்டிருக்கிறது.

பாக்கெட்டோடு கூடவே நடந்து பார்ப்போம். இடது கோடிக் கணினி, சேருமிடம் தன் வலையமைப்பில் இல்லை என்று கண்டதும், டிடிஎல் 64 என்று எழுதி, பாக்கெட்டை கேட்வேயிடம் ஒப்படைக்கிறது. முதல் ரவுட்டர் சேருமிட முகவரியை மட்டும் எடுத்துத் தன் டேபிளில் தேடுகிறது, 192.168.20.0/24 என்ற வரி பொருந்துகிறது. அடுத்து ஒப்படைக்க வேண்டியவர் 10.0.12.2 என்று தெரிகிறது. அந்த முகவரிக்குரிய மேக் முகவரியை (வன்பொருள் முகவரியை) ஏஆர்பி என்ற விசாரிப்பு நெறிமுறை மூலம் அறிந்து, பழைய ஈத்தர்நெட் உறையைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிய உறை போட்டு, டிடிஎல் மதிப்பில் ஒன்றைக் கழித்து 63 ஆக்கி, தலைப்பின் சரிபார்ப்பு எண்ணைத் திருத்தி வெளியே தள்ளுகிறது. 10.0.12.2 என்ற முகவரி பாக்கெட்டுக்குள் எங்கும் எழுதப்படுவதில்லை என்பதைக் கவனியுங்கள். யாருடைய மேக் முகவரியை உறையின் மேல் எழுதுவது என்று கண்டுபிடிக்க மட்டுமே அது பயன்படுகிறது. இரண்டாம் ரவுட்டரும் இதையே செய்ய, 62 என்ற மதிப்புடன் பாக்கெட் வலது கோடியை அடைகிறது. நீங்கள் டிசிபிடம்ப்பில் பார்த்த 62 இதுதான்: நடுவில் இரண்டு ரவுட்டர்கள், இரண்டு கழித்தல்கள்.

இப்போது பதில் கிளம்புகிறது. பதிலும் ஒரு புதிய பாக்கெட்தான். போன பாக்கெட் எந்த வழியாக வந்தது என்ற நினைவு எந்த ரவுட்டருக்கும் கிடையாது. வந்த வழியே திருப்பி அனுப்பும் ஏற்பாடு ஐபியில் இல்லை. இரண்டாம் ரவுட்டர் 192.168.10.5 என்ற முகவரியைத் தன் டேபிளில் தேடுகிறது. நேரடி இணைப்புகள் மூன்றில் எதுவும் பொருந்தவில்லை. டீஃபால்ட் வரி எல்லாவற்றுக்கும் பொருந்தும். எனவே பதிலை இடைமுகம் 1 வழியாக 10.0.2.2 என்ற முகவரிக்கு, அதாவது உங்கள் பயிற்சிக்கு வெளியே அனுப்பிவிடுகிறது. அங்கிருந்து அது உங்கள் இடது கோடிக்கு வர வழியே இல்லை. முதல் ரவுட்டரின் பிங்குக்குப் பதில் வந்ததோ, அதன் அனுப்புநர் முகவரி 10.0.12.0/24 என்ற நேரடி இணைப்புக்குள் இருந்ததால்.

இரண்டாம் ரவுட்டரில் அந்த டீஃபால்ட் வரி இல்லாமல் இருந்திருந்தால் உங்கள் மூன்று நாட்களும் மிச்சமாகியிருக்கும். வழி தெரியாத ரவுட்டர், சேருமிடத்தை அடைய இயலாது என்ற ஐசிஎம்பி (பிழையறிவிப்பு) செய்தியை அனுப்பியவருக்கே திருப்பித் தந்திருக்கும். வலது கோடியில் டிசிபிடம்ப் ஓடியபோதே அதைக் கண்ணால் பார்த்திருப்பீர்கள். டீஃபால்ட் இருக்கும் ரவுட்டர் எனக்குத் தெரியாது என்று ஒருபோதும் சொல்லாது.

இரண்டாம் ரவுட்டரில் ஐபி ரூட் கெட் கட்டளையுடன் 192.168.10.5 என்று கேட்டுப் பாருங்கள். டேபிளை நாம் கண்ணால் படித்து ஊகிப்பதைவிட, கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) என்ன முடிவெடுக்கும் என்பதை அதனிடமே கேட்பது நல்லது. பிறகு 192.168.10.0/24 வலையமைப்புக்கு 10.0.12.1 வழியாகச் செல்ல ஒரு வரி சேருங்கள்.

இரவுப்பணி எழுதியது:

பத்துக்கு எட்டு என்றேன்; இது மீதி இரண்டில் ஒன்று. ஒப்புக்கொள்கிறேன். எனக்கு ஒன்று தோன்றுகிறது. ரவுட்டரைத் தமிழில் திசைவி என்று எழுதும்போது அது ஏதோ செயற்கையான சொல்லாக்கம் என்று நினைத்ததுண்டு. ஆனால் இந்த இயந்திரத்துக்கு வழி தெரியாது, திசை மட்டும்தான் தெரியும் என்று பார்க்கையில், ஆங்கிலச் சொல்லைவிட அது பொருத்தமாகவே இருக்கிறது.

புதுவலை எழுதியது:

கேட்டுப் பார்த்தேன், 10.0.2.2 வழியாக, இடைமுகம் 1 என்றே பதில் வந்தது. நீங்கள் சொன்ன வரியைச் சேர்த்தவுடன் பிங் ஓடத் தொடங்கிவிட்டது. மிக்க நன்றி, ஐயா.

இரண்டு ஐயங்கள் மட்டும். டேபிளில் டீஃபால்ட் வரி எப்போதும் முதலில் காட்டப்படுகிறது. எல்லா முகவரிக்கும் பொருந்தும் வரி முதலிலேயே இருக்கும்போது, கீழே உள்ள வரிகளுக்கு முறை எப்படி வருகிறது? அடுத்து, மெட்ரிக் குறைவாக இருக்கும் வழியே வெல்லும் என்று படித்திருக்கிறேன். அப்படியானால் நான் 10 ஆகக் குறைத்தது ஏன் எதையும் மாற்றவில்லை?

மூன்றாம்அடுக்கு எழுதியது:

டேபிள் காட்டப்படும் வரிசைக்கும் முடிவெடுக்கும் முறைக்கும் தொடர்பில்லை. பொருந்தும் வரிகள் எத்தனை இருந்தாலும், அவற்றுள் எதன் முன்னொட்டு (ஒத்துப்போக வேண்டிய முதல் பிட்டுகள்; அவை எத்தனை என்பதைத்தான் சாய்கோட்டுக்குப் பின்னுள்ள எண் சொல்கிறது) மிக நீளமானதோ அதுவே தேர்வாகும். ஒரு முகவரியை எடுத்துக்கொண்டு கையால் செய்து பார்த்தால்தான் இது மனதில் நிற்கும். சேருமிடம் 10.20.37.9 என்று வைத்துக்கொள்வோம். டேபிளில் 0.0.0.0/0, 10.20.0.0/16, 10.20.32.0/20, 10.20.36.0/22, 10.20.37.128/25 என ஐந்து வரிகள் இருக்கின்றன.

முதல் இரண்டும் பொருந்துவது பார்த்தவுடன் தெரியும். மூன்றாவதற்கு, முகவரியின் மூன்றாம் எண்ணான 37ஐ இரும எண்ணாக எழுத வேண்டும்: 00100101. முன்னொட்டு நீளம் 20 என்றால் முதல் 16 பிட்டுகளுக்குப் பிறகு இன்னும் 4 பிட்டுகள் ஒத்துப்போக வேண்டும். 32 என்பது 00100000. முதல் நான்கும் 0010 என்றே இருப்பதால் பொருந்துகிறது. நான்காவது வரிக்கு 6 பிட்டுகள் ஒத்துப்போக வேண்டும். 36 என்பது 00100100. இரண்டிலும் முதல் ஆறு பிட்டுகள் 001001. இதுவும் பொருந்துகிறது. ஐந்தாவதில் முதல் 24 பிட்டுகள் அப்படியே ஒத்துப்போகின்றன, ஆனால் 25ஆவது பிட்டில் இடறுகிறது: 128 என்பதன் முதல் பிட் 1, 9 என்பதன் முதல் பிட் 0. ஒரே ஒரு பிட் மாறினாலும் அந்த வரி இல்லாததற்குச் சமம். ஆகவே /22 வெல்கிறது. டீஃபால்ட்டின் நீளம் 0 என்பதால் வேறு எதுவும் பொருந்தாதபோதுதான் அதற்கு முறை வரும்.

மெட்ரிக் என்பது ஒரே முன்னொட்டுக்கு, ஒரே நீளத்தில், இரண்டு வழிகள் இருக்கும்போது மட்டும் பேசப்படும் மதிப்பு. உங்களிடம் இருந்ததோ ஒரே வழி. போட்டியே இல்லாதபோது மெட்ரிக் 10 ஆனாலும் 1000 ஆனாலும் ஒன்றுதான். இன்னொரு மதிப்பும் உண்டு. அதையும் இதையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். சிஸ்கோ ரவுட்டர்களில் ஒரே முன்னொட்டை ஓஎஸ்பிஎஃப், ஆர்ஐபி என்ற, ரவுட்டர்கள் வழிகளைப் பரிமாறும் இரண்டு நெறிமுறைகளும் சொல்லுமானால், எதை நம்புவது என்பதற்கு ஒரு நம்பகத்தன்மை எண் இருக்கிறது. நேரடி இணைப்புக்கு 0, கையால் எழுதிய வழிக்கு 1, ஓஎஸ்பிஎஃபுக்கு 110, ஆர்ஐபிக்கு 120. குறைந்த எண்ணே நம்பகமானது. ஆனால் இந்தப் போட்டி, டேபிளுக்குள் யார் நுழைவது என்பதற்காக நடப்பது. ஆர்ஐபி சொன்ன /25, ஓஎஸ்பிஎஃப் சொன்ன /24 இரண்டும் வேறு வேறு முன்னொட்டுகள் என்பதால் இரண்டுமே நுழைந்துவிடும். பாக்கெட் வரும்போது /25தான் வெல்லும். 120 பெரிய எண் என்பதால் அது தோற்றுவிடாது.

பழையகம்பி எழுதியது:

நீளமான முன்னொட்டு வெல்லும் என்ற இந்த ஒரே விதி உலகத்தையே இரண்டு மணி நேரம் தவிக்கவிட்ட கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2008 பிப்ரவரி 24 அன்று, யூடியூப்பைத் தடுக்க வேண்டும் என்ற அரசாணையை நிறைவேற்றுவதற்காக, பாகிஸ்தான் டெலிகாம் 208.65.153.0/24 என்ற முன்னொட்டைத் தன்னுடையதாக அறிவித்தது. யூடியூப் அதுவரை அறிவித்து வந்தது 208.65.152.0/22. தன் நாட்டுக்குள் நின்றிருக்க வேண்டிய அந்த அறிவிப்பு, மேல்நிலை வலையமைப்பான பிசிசிடபிள்யூ வழியாக, வலையமைப்புகள் தம் வழிகளை ஒன்றுக்கொன்று அறிவிக்கும் நெறிமுறையான பிஜிபியில் உலகெங்கும் பரவிவிட்டது. /24 என்பது /22ஐவிட நீளம். உலகின் ரவுட்டர்கள் விதியை மீறவில்லை, விதிப்படியே யூடியூப்புக்கான பாக்கெட்டுகளைப் பாகிஸ்தானை நோக்கித் திருப்பின.

மீட்ட விதம் இன்னும் சுவையானது. சர்வதேச நேரப்படி 18:47க்குத் தொடங்கிய சிக்கலுக்கு, 20:07க்கு யூடியூப்பும் அதே /24ஐ அறிவித்தது. இப்போது நீளம் சமம் என்பதால், பிஜிபியின் மற்ற அளவுகோல்கள் தீர்மானிக்க, சில வலையமைப்புகள் மட்டும் மீண்டன. 20:18க்கு அந்த /24ஐயே இரண்டு /25 துண்டுகளாக வெட்டி அறிவித்தது; அவை போய்ச் சேர்ந்த இடங்களில் எல்லாம் அதுவே வென்றது. /24ஐவிட நீளமானவற்றைப் பல வலையமைப்புகள் ஏற்பதில்லை என்பதால் எல்லா இடத்துக்கும் அவை போய்ச் சேரவில்லை. 21:01க்கு பிசிசிடபிள்யூ அந்தத் தவறான அறிவிப்பை நிறுத்திய பிறகுதான் நிலைமை சீரானது.

சிறிய அளவில் இதே விதியை நான் என் வசதிக்குப் பயன்படுத்தியிருக்கிறேன். முன்பு நான் பணிபுரிந்த ஓர் அலுவலகத்தில் உள் சர்வர்கள் அனைத்தும் 192.168.1.0/24 வலையமைப்பில் இருந்தன. வீட்டிலிருந்து விபிஎன் வழியாக வந்தவர்களில் சிலருக்கு மட்டும் 192.168.1.50 என்ற கோப்பு சர்வர் கிடைக்கவே இல்லை. அவர்கள் வீட்டு மோடமும் அதே 192.168.1.0/24 வலையமைப்பைக் கொடுத்திருந்ததுதான் காரணம். நேரடி இணைப்பு என்ற வரி இருந்ததால், பாக்கெட் வீட்டைத் தாண்டாமல் வரவேற்பறைக்குள்ளேயே 192.168.1.50 யார் என்று ஏஆர்பியில் கூவிக்கொண்டிருந்தது. அலுவலக முகவரிகளை மாற்ற நிர்வாகம் ஒப்பவில்லை. அந்த ஒரு சர்வருக்கு மட்டும் /32 நீளத்தில் விபிஎன் வழியாக ஒரு வரி கொடுத்துத் தப்பித்தோம். அது ஒட்டுப்போடும் வேலைதான் என்பதை மறைக்க விரும்பவில்லை. அதே எண்ணில் வீட்டில் ஒரு பிரின்டர் இருந்தவர், விபிஎன் இணைந்திருக்கும்போதெல்லாம் அதை இழந்தார்.

இரவுப்பணி எழுதியது:

எல்லா வரிகளையும் பார்த்து, பொருந்துபவற்றுள் நீளமானதைத் தேர்வதென்றால், நான்கு வரி உள்ள டேபிளுக்குச் சரி. இணையத்தின் நடுவில் நிற்கும் ரவுட்டர் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் லட்சக்கணக்கான வரிகளைப் புரட்டுமா? முதல் பாக்கெட்டுக்குத் தேடிவிட்டு முடிவை நினைவில் வைத்துக்கொள்ளும் என்றல்லவா நாங்கள் படித்தோம்?

பழையகம்பி எழுதியது:

நீங்கள் படித்தது ஒரு காலத்து உண்மை. லினக்ஸ் கெர்னலிலும் அப்படியொரு ஏற்பாடு இருந்தது. 2012இல் வெளிவந்த 3.6 பதிப்பில் அதை நீக்கிவிட்டார்கள். இப்போது ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் தேடல் நடக்கிறது, ஆனால் வரிவரியாக அல்ல. முன்னொட்டுகளை ஒரு மரமாக அடுக்கி, முகவரியின் பிட்டுகளைப் படித்துக்கொண்டே கிளை கிளையாக இறங்குவார்கள். மரத்தில் வரிகள் எத்தனை லட்சம் இருந்தாலும், முகவரியில் இருப்பவை 32 பிட்டுகள் மட்டுமே.

பெரிய ரவுட்டர்களுக்கு அந்த வேகமும் போதாது. 10 கிகாபிட் இணைப்பு ஒன்றில் மிகச் சிறிய 64 பைட் சட்டங்கள் நெருக்கியடித்து வந்தால், ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 1.488 கோடி பாக்கெட்டுகள். ஒன்றுக்குக் கிடைப்பது சுமார் 67 நானோவினாடி. அதற்காகவே டிகேம் என்ற தனி நினைவகம் பயன்படுகிறது. அதில் ஒவ்வொரு பிட்டும் 0, 1, எதுவாயினும் சரி என்ற மூன்று நிலைகளில் ஒன்றில் இருக்கலாம். முகவரியைக் கொடுத்தவுடன் எல்லா வரிகளும் ஒரே நேரத்தில் ஒப்பிடப்பட்டு, பொருந்தியவற்றுள் முன்னுரிமை பெற்ற வரி வெளியே வரும். நீளமானவற்றுக்கு முன்னுரிமை தந்தே அடுக்கியிருப்பார்கள்.

ஆகவே நாம் ரவுட்டிங் டேபிள் என்று ஒரே பெயரில் அழைப்பது உண்மையில் இரண்டு. நெறிமுறைகள் சொன்னதையெல்லாம் வாங்கி அலசி முடிவெடுக்கும் பெரிய பதிவேடு ஒன்று. அந்த முடிவுகள் மட்டும் இறக்கப்பட்ட, பாக்கெட்டைக் கடத்தும் பகுதி பார்க்கும் சுருக்கப் பட்டியல் இன்னொன்று. இந்த இரண்டாவது நிரம்பிவிட்டால் என்ன ஆகும் என்பதை 2014 ஆகஸ்ட் 12 அன்று பார்த்தோம். சிஸ்கோ 6500, 7600 வரிசையின் பழைய மாதிரிகளில் ஐபி 4 வழிகளுக்கென டிகேமில் ஒதுக்கியிருந்த இடம் 512கே, அதாவது சுமார் 5.24 லட்சம் வரிகள். உலகின் பிஜிபி டேபிள் அந்த எல்லையை நெருங்கிக்கொண்டிருந்த நேரத்தில், வெரைசான் நிறுவனத்திலிருந்து சுமார் 15,000 கூடுதல் முன்னொட்டுகள் தவறுதலாக அறிவிக்கப்பட, எல்லை தாண்டியது. இடம் கிடைக்காத வழிகளுக்கான பாக்கெட்டுகள் மென்பொருளின் தலையில் விழுந்தன, ரவுட்டர்கள் திணறின. வன்பொருளில் இடமே இல்லாமல் போகவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. ஐபி 6க்கு ஒதுக்கியதிலிருந்து எடுத்து ஐபி 4க்குக் கொடுக்கும் கட்டளை முன்பே இருந்தது. கொடுத்துவிட்டு ரவுட்டரை ஒருமுறை அணைத்து இயக்க வேண்டும், அவ்வளவுதான். ஓடிக்கொண்டிருக்கும் ரவுட்டரை அணைக்க யாருக்கு மனம் வரும்? இன்று அந்த டேபிள் 9 லட்சம் வரிகளைத் தாண்டிவிட்டது.

மூன்றாம்அடுக்கு எழுதியது:

புதுவலையின் அமைப்புக்குத் திரும்பி, நான் விட்டுவிட்ட ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வலது கோடிக்கு பிங் போய்ச் சேர்ந்ததே உங்கள் நற்பேறு. லினக்ஸில் ஆர்பி ஃபில்டர் என்றொரு அமைப்பு உண்டு. அதன் மதிப்பு 1 என்றிருந்தால், வரும் பாக்கெட்டின் அனுப்புநர் முகவரிக்குப் பதில் அனுப்புவதானால் அதே இடைமுகம் வழியாகத்தான் அனுப்புவேனா என்று கெர்னல் முதலில் பார்க்கும். இல்லையென்றால், போலி முகவரி என்று கருதி ஓசையில்லாமல் எறிந்துவிடும். உங்கள் இரண்டாம் ரவுட்டரில் 192.168.10.5 முகவரிக்கான வழி இடைமுகம் 1. பாக்கெட் வந்ததோ இடைமுகம் 2. உபுண்டு இந்த மதிப்பை 2 என்று வைப்பதால், எந்த இடைமுகம் வழியாக வழி இருந்தாலும் போதும் என்று விட்டுவிட்டது. 1 இருந்திருந்தால், இரண்டாம் ரவுட்டருக்குள் நுழைந்த பிங் வெளியே வராமல் மறைந்திருக்கும்; இரவுப்பணி சொன்ன ஃபயர்வாலை நாம் எல்லோருமே நம்பியிருப்போம்.

புதுவலை எழுதியது:

அதையும் 1 ஆக மாற்றி, சேர்த்த வரியை நீக்கிச் சோதித்தேன். நீங்கள் சொன்னபடியே இரண்டாம் ரவுட்டரின் இடைமுகம் 2இல் பிங் வருவது தெரிகிறது, இடைமுகம் 3இல் எதுவும் தெரியவில்லை. பிறகு வரியைத் திரும்பச் சேர்த்தேன், எல்லாம் ஓடியது, மனநிறைவோடு கணினியை அணைத்துவிட்டுத் தூங்கப் போனேன். இன்று காலை இயக்கினால் மீண்டும் பதில் வரவில்லை! டேபிளைப் பார்த்தேன், நான் சேர்த்த வரியைக் காணோம். முதல் ரவுட்டரில் இருந்த வரியும் இல்லை.

மூன்றாம்அடுக்கு எழுதியது:

ஐபி ரூட் கட்டளையால் சேர்க்கும் வரி கெர்னலின் நினைவகத்தில் மட்டுமே இருக்கும், அணைத்தால் போய்விடும். இரண்டு ரவுட்டர்களிலும் நெட்பிளான் என்ற வலையமைப்பு அமைவுக் கோப்பில், நடு இணைப்பின் இடைமுகத்துக்குக் கீழே அந்தந்த வழியை எழுதுங்கள். வரிகளை உள்ளே தள்ளி எழுத டேப் விசையைத் தொடாதீர்கள், இடைவெளி விசைதான். எழுதி முடித்ததும் அப்ளை கொடுக்காமல் நெட்பிளான் ட்ரை கொடுங்கள். 120 வினாடிகளுக்குள் நீங்கள் என்டர் விசையை அழுத்தாவிட்டால் பழைய அமைப்புக்கே அது திரும்பிவிடும்.